எண்பது வீத ஜப்பானியர்

ஜப்பானியரில் இரண்டு வகை உண்டு. ஜப்பானில் பிறந்து, சமைத்து வைத்ததைச் சாப்பிட்டு, யாருக்கும் புத்தி சொல்லாமல் நூறு வயதுவரை இருந்துவிட்டுப் போகிறவர்கள் முதல் வகை. ஜப்பான் எங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் காட்டச் சொன்னால் விரல் தடுமாறி ஆஸ்திரேலியாவில் போய் நிற்கும், ஆனாலும் அந்த நாட்டுக் கிழவர்கள் காலையில் என்ன குடிக்கிறார்கள், மத்தியானம் எத்தனை வாய் சாப்பிடுகிறார்கள், மீனை எத்தனை தரம் மெல்லுகிறார்கள் என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுச் சங்கதி போலச் சொல்லுகிறவர்கள் இரண்டாம் வகை. இவர்களை ஜப்பானில் தேடாதீர்கள். உங்கள் தெருவில் இருக்கிறார்கள். சில வீடுகளில் எதிர்க் கதிரையிலேயே இருந்துகொண்டு உங்கள் தட்டை எட்டிப் பார்க்கிறார்கள்.

எப்படி அடையாளம் காண்பது? மிகவும் சுலபம். ஏதாவதொரு பிறந்தநாள் மண்டபத்துக்குப் போங்கள். ஆட்டிறைச்சி ரோல்ஸ் தட்டு வருகிறபோது எல்லாக் கையும் நீளும். ஒரு கை மட்டும் உயரும். "ஜப்பானில எழுபது தாண்டினவை இதைத் தொடவே மாட்டினம், தெரியுமோ?" என்று குரல் வரும். நீங்கள் கடித்த வாயோடு நிற்பீர்கள். விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. விரிவுரை முடிகிறபோது உங்கள் ரோல்ஸ் ஆறிப்போயிருக்கும், தட்டில் இரண்டு குறைந்திருக்கும். அந்த இரண்டும் எங்கே போயின என்று கேட்பது பண்பல்ல. அவை ஆராய்ச்சிக்காக எடுக்கப்பட்டவை.

டென்மார்க்கின் சில்க்போர்க் நகரத்தில் இந்த வகையின் முதல்தர மாதிரி நீக்கிலாஸ். மன்னாரில் பிறந்தவர், முப்பத்தொரு வருடம் தளபாடத் தொழிற்சாலையில் பலகை அறுத்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. போன தவக்காலம் வரைக்கும் நல்ல மனிதர். தவக்காலத்துக்கு இறைச்சியை விட்டார். அதுவும் நல்ல காரியம்தான். ஆனால் சாப்பாடு குறைந்ததில் நேரம் மிஞ்சியது, மிஞ்சிய நேரத்தில் தொலைபேசி கைக்கு வந்தது, தொலைபேசிக்குள் ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக் கிழவர் ஒருவர் தொண்ணூற்றெட்டு வயதில் குந்தியிருந்து முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார். ஈஸ்டர் வந்தது, ஊரெல்லாம் நோன்பு முடிந்தது. நீக்கிலாஸுக்கு முடியவில்லை.

"வயித்தில எண்பது வீதம் நிரம்பின உடன எழும்பிடவேணும், செலின். இதுதான் அவையின்ர இரகசியம்" என்றார் மனைவியிடம்.

மேரிசெலின் தலையாட்டினார். நல்ல பழக்கம்தானே என்றுகூட நினைத்தார். கணவர் தராசு வாங்குவார் என்று அவர் கண்டாரா?

எண்பது வீதம் நிரம்பியதை வயிறு மணியடித்தா சொல்லும்? நீக்கிலாஸ் அளவெடுக்காமல் பலகை அறுத்தவரல்ல. வழக்கமான சோற்றை நிறுத்துப் பார்த்தார்: ஐந்நூறு கிராம். அதில் எண்பது வீதம் நானூறு. முதல் வாரம் அதைச் சாப்பிட்டார். இரண்டாம் வாரம் நானூறிலேயே வயிறு நிரம்பிவிட்டது. அப்படியென்றால் இப்போது நானூறுதானே நூறு வீதம்? ஆகவே அதில் எண்பது வீதம், முந்நூற்றிருபது. அடுத்த வாரம் இருநூற்றைம்பத்தாறு. கணக்கில் பிழை சொல்ல முடியாது. வைகாசி பிறந்தபோது தட்டில் தெரிந்த பூக்களைச் சோறு என்றும் சோற்றைப் பூக்கள் என்றும் மேரிசெலின் மயங்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அது பூப்போட்ட தட்டு.

சோறு தேய, சூப் வளர்ந்தது. காலையும் மாலையும் மிசோ சூப், அதாவது புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த உப்புச் சாறு, அதற்குள் கடற்பாசி. மன்னார்க் கரையில் தென்னைக்குப் பசளையாக மண்ணுக்குள் தாழ்க்கிற சாதாளைப் பாசியின் ஒன்றுவிட்ட தம்பி, பளபளக்கிற பையில் ஏறி வீட்டுக்கு வந்தபோது, மேரிசெலின் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தார்.

அவருக்கு வேலை எங்கே என்று நினைக்கிறீர்கள்? முதியோர் இல்லத்துச் சமையலறையில். இருபத்திரண்டு வருடமாக அங்கே அவருக்கு ஒரே கட்டளை: வயதானவர்களை மெலிய விடாதே. தொண்ணூறு வயது டெனிஷ்க் கிழவி ஒருவர் ஒரு கிலோ இறங்கினால் தாதி சமையலறைக்கு ஓடி வருவார். சூப்பில் கிறீம் ஏறும், உருளைக்கிழங்கில் வெண்ணெய் ஏறும், கஞ்சியில் முட்டை ஏறும். பகல் முழுவதும் ஊரார் வீட்டுக் கிழவர்களைத் தேற்றிவிட்டு, பின்னேரம் பஸ் ஏறி வந்து, சொந்தக் கிழவர் தராசுக்கு முன்னால் கரைவதைப் பார்ப்பதென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இஞ்சாருங்கோ, எங்கட வயசில மெலியிறதுதான் ஆபத்து. தசை போனா லேசில திரும்பி வராது. முட்டை, மீன், பருப்பெண்டு வடிவாச் சாப்பிடவேணும். உங்கட ஜப்பானிலயும் டொக்டர்மார் வயசுபோனவைக்கு இதைத்தான் சொல்லுகினமாம். உப்பையும் குறைக்கச் சொல்லுகினமாம்."

நீக்கிலாஸ் சூப்பை உறிஞ்சினார். "அது வேற ஜப்பான்" என்றார்.

விஷயம் இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஆவணியில் மாதா திருநாள் வருகிறது. நாடு முழுவதிலுமிருந்து தமிழ்க் கத்தோலிக்கர் கூடுவார்கள். மாதா சொரூபத்தை மரக் கூட்டில் வைத்து நான்கு பேர் தோளில் சுமந்து சுற்றி வருவார்கள். அதில் முன்பக்கத்து வலது மூலை இருபத்தாறு வருடமாக நீக்கிலாஸின் தோளுக்கு உரியது. வேறு பட்டம் பதவி எதுவும் அவருக்கு இந்த நாட்டில் கிடைக்கவில்லை. கேட்டதும் இல்லை. அந்த மூலை போதுமாயிருந்தது.

வைகாசிக் கடைசியில் ஒத்திகை. பொறுப்பாளர் ஸ்ரனிஸ்லாஸ், ஐந்து வயது இளையவர், பிட்டும் மாட்டிறைச்சியும் நூற்றுப்பத்து வீதம் சாப்பிடுகிறவர். அவருடைய கராஜில் வெறுங்கூட்டை இறக்கி, மாதாவுக்குப் பதிலாக இருபது கிலோ அரிசி மூட்டை நான்கை அதில் ஏற்றிப் பழகுவது வழக்கம்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு!"

மூன்று மூலைகள் எழும்பின. நாலாவது மூலை யோசித்தது. அது நீக்கிலாஸின் மூலை. கூடு சரிந்து, ஒரு மூட்டை உருண்டு, வீட்டில் கிராம் கணக்கில் நிறுக்கிறவரின் காலடியில் இருபது கிலோவாக வந்து விழுந்தது.

"அண்ணை, இந்த முறை நீங்கள் செபமாலையைச் சொல்லிக்கொண்டு முன்னால நடவுங்கோவன்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ், தரையைப் பார்த்தபடி.

"ஏன், என்ர தோளுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை அண்ணை. ஆடிக் கடைசியில இன்னொருக்காத் தூக்கிப் பாப்பம். அப்பவும் ஏலாட்டி வேற ஆளைப் போடவேணும்."

அன்றைக்கு வீட்டில் நீக்கிலாஸ் தராசைத் தொடவில்லை. கல்யாண மோதிரம் விரலில் சுழன்றுகொண்டிருந்தது. "இருபத்தாறு வருசம், செலின்" என்றார். மேரிசெலினுக்கு அதுவரை இருந்தது கோபம், இப்போது பயம். இனியாவது மனிதர் திருந்துவார் என்று காத்திருந்தார். நீக்கிலாஸ் மோதிரத்தை விரலின் அடிவரை தள்ளிவிட்டு வாய் திறந்தார்.

"எங்கயோ கூடிப்போச்சு. எழுபது வீதத்துக்கு இறக்கிப் பாப்பமோ?"

இந்த வகையினரிடம் வாதாடி வென்றவர் உலகத்தில் இல்லை. மேரிசெலின் வாதாடவில்லை. "உங்களுக்கேன் கரைச்சல்? இனி நானே நிறுத்துப் போடுறன்" என்றார். அடுத்த நாளிலிருந்து வாயால் சொன்னது இருநூறு கிராம், தட்டில் போட்டது நானூறு. கண்ணாடி போடாவிட்டால் நீக்கிலாஸுக்குத் தட்டு தெரியாது. கண்ணாடி போட்டால் அவர் தொலைபேசியை மட்டுமே பார்ப்பார். சோறு கோழி அவித்த சாற்றில் வெந்தது. மிசோ பாதியாகி, அந்த இடத்தில் இரண்டு முட்டை அடித்து ஊற்றப்பட்டது. மசித்த மீனும் பருப்பும் கடற்பாசிக்கு அடியில் ஒளித்துக் கிடந்தன. முதியோர் இல்லத்துக் கைவண்ணம் முழுவதும் அந்தச் சின்னக் கிண்ணத்துக்குள் இறங்கியது.

ஆனி முடிவதற்குள் நீக்கிலாஸ் மூன்றாம் மாடியிலுள்ள வீட்டுக்குப் படியில் நிற்காமல் ஏறினார். மோதிரம் விரலில் நின்றது.

"பாத்தீரே, கடற்பாசி வேலை செய்யுது!"

"ஓம், செய்யுது" என்று சொல்லி, மேரிசெலின் முட்டைக் கோதைக் குப்பைப் பையின் அடியில் செருகினார்.

ஆடிக் கடைசியில் நாலு மூலையும் ஒன்றாக எழும்பின. ஆவணியில் மாதா ஒரு நூல் சரியாமல் சுற்றி வந்தார். முன்பக்கத்து வலது மூலையில் வியர்த்துக்கொண்டு வந்த முகத்தைப் பார்த்து மேரிசெலின் அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். கூட்டை இறக்கியதும் இறக்காததுமாக நீக்கிலாஸ் சாப்பாட்டுப் பந்தலுக்குள் நுழைந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினார்: "எண்பது வீதம்! பிறகு அதிலயும் எண்பது வீதம்! நானே சாட்சி!" சாட்சியின் தோளைத் தொட்டுப் பார்த்து ஏழு பேர் மதம் மாறினார்கள். ஏழாவது ஆள் ஸ்ரனிஸ்லாஸ்.

திங்கட்கிழமை பின்னேரம் ஸ்ரனிஸ்லாஸின் மனைவி தவமணி தொலைபேசியில் அழாத குறை. "அக்கா, இந்த மனுசன் தராசு வாங்கிக்கொண்டு வந்து நிக்குது. நான் என்ன செய்ய?"

"பயப்பிடாதையும்" என்றார் மேரிசெலின். "வீட்டில முட்டை இருக்கோ?"

இப்போது சில்க்போர்க்கில் எட்டு ஜப்பானியர் நலமாக இருக்கிறார்கள். வாசித்துவிட்டு நீங்களும் சிரிக்கிறீர்கள்; சந்தோஷம். ஆனால் இந்த வயதிலும் நான் இப்படி இருப்பதற்கு வெந்தயத் தண்ணீர்தான் காரணம், தினையரிசிதான் காரணம், இரவு ஏழு மணிக்குப் பிறகு வாயைத் திறக்காததுதான் காரணம் என்று அண்மையில் யாருக்காவது சொன்னீர்களா? சொன்னீர்களென்றால், உங்களுக்குச் சமைப்பவர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, குப்பைப் பையின் அடியை ஒருமுறை கிளறிப் பாருங்கள். கோது கிடந்தால், சத்தம் போடாமல் மூடி வைத்துவிட்டு வந்து, கொடுத்த சூப்பைக் குடியுங்கள்.