பன்னிரண்டாவது ஆணி

நிரந்தரப் பயிற்சியாளன் என்றோர் இனம் உண்டு. வேலையில்லாதவன் என்று அவனை எண்ணிவிடாதீர்கள்; அவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. முப்பது பேருக்கு மூன்று கணினி இருந்த வகுப்பில் அடுத்தவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தே கணினி கற்றவன். இயந்திரம் வந்து சேராத வெல்டிங் பயிற்சியில் கரும்பலகைப் படத்தைப் பார்த்தே முதலிடம் பிடித்தவன். ‘நேர்காணலை எதிர்கொள்வது எப்படி’ என்பதை இரண்டு தடவை படித்து, இரண்டு தடவையும் யாரும் நேர்காணலுக்குக் கூப்பிடாதபோதும் மனம் தளராதவன். மொத்தம் பதினொரு சான்றிதழ். வேலையா? அதற்கென்ன அவசரம்?

நமக்குத் தெரிந்த பயிற்சியாளனுக்கு ஓர் அக்கா இருந்தாள். தையல்காரி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். கோணல் என்றால் அவளுக்கு ஆகாது. அளவுகோல் வைத்து, பென்சிலால் புள்ளி குறித்து, தம்பியின் சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். சட்டை தைக்க வந்தவர்கள்கூட அந்தச் சுவரைப் பார்த்து முடித்த பிறகுதான் அளவு கொடுக்க முடியும். ஒன்றே ஒன்று அவளை உறுத்தியது. சான்றிதழுக்கு மூன்று அதிகாரிகள் வீதம் முப்பத்துமூன்று கையெழுத்து இருந்தது. தம்பியுடையது ஒன்றுகூட இல்லை. பயிற்சி மையத்தில் வருகைப்பதிவே விரல் ரேகைதானே!

இந்த இனத்தை அடையாளம் காண்பது எளிது. யார் பேசி முடித்தாலும் கைதட்டும். கேமராவைக் கண்டால் முன்வரிசைக்கு நகரும். பதினொரு மணிக்குத் தேநீரைத் தேடும். ஒரு சனிக்கிழமை அக்கா அவனைப் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பட்டறைக்காரம்மா சான்றிதழ்க் கோப்பைத் திறக்கவே இல்லை. துருப்பிடித்த பம்பு ஒன்றை முன்னால் தள்ளினார்.

“கழட்டு.”

தம்பி கையை உயர்த்தினான்.

“என்னப்பா?”

“தனியாவா, குழுவாவா மேடம்?”

தனியாகத்தான் கழற்றினான். கழற்றிய நட்டுகளை அளவு வாரியாக, அக்கா பொத்தான் அடுக்குவதுபோல் அடுக்கியும் வைத்தான். பட்டறைக்காரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்.”

“எத்தனை நாள் கோர்ஸ் மேடம்?”

“உனக்குத் தலை நரைக்கிற வரைக்கும்.”

“சான்றிதழ்?”

“கெடையாது. சம்பளம்தான்.”

அவன் முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாளே பயிற்சி மைய அதிகாரி போன் செய்தார். “தம்பி, நாளைக்குப் புது வகுப்புத் தொடக்க விழா. நீ இல்லாத போட்டோ ஒரு போட்டோவாப்பா?” வகுப்பின் தலைப்பு: ‘வேலையில் நீடிப்பது எப்படி.’

“அதை முடிச்சிட்டே பட்டறைக்குப் போறேன்க்கா. நீடிக்கத் தெரியாம வேலைக்குப் போனா நல்லாவா இருக்கும்?”

அக்காவின் தையல் இயந்திரம் கடகடத்தது.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டாவது சான்றிதழுக்காக முன்பே புள்ளி வைத்திருந்த இடத்தில் ஆணி அடித்திருந்தது. அதில் காலண்டர் தொங்கியது.

“அக்கா, இது என் எடமாச்சே!”

“செவுத்துல எடமில்லடா. கெளம்பு.”

“காலண்டரக் கொஞ்சம் நகர்த்தினா...”

“காலண்டர் நகராது. நீதான் நகரணும்.”

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. நல்லது. இன்னும் ஒரு புத்தகம் படித்துவிட்டு, இன்னும் ஒருவரைக் கேட்டுவிட்டு, முழுசாகத் தெரிந்துகொண்டு ஆரம்பிப்போம் என்று நீங்கள் தள்ளிவைத்திருக்கும் காரியம் எத்தனை வருடமாகக் காத்திருக்கிறது? உங்கள் வீட்டுச் சுவரிலும் பென்சில் புள்ளி இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிடுங்கள்.

பட்டறையில் ரேகை இயந்திரம் இல்லை. கோடு போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. பழக்கதோஷத்தில் தம்பி கட்டைவிரலை நீட்டினான்.

“விரல் எதுக்குப்பா? பேரு எழுதத் தெரியுமில்ல?” என்று பட்டறைக்காரம்மா பேனாவைக் கொடுத்தார்.

அவன் கையெழுத்துப் போட்ட நாளை அக்கா அந்தக் காலண்டரில், தையல் சாக்கட்டியால், கோணாமல் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்: ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை.