பட்டைக்கு ஒரு மண்டபம்

வெண்கோட்டை நாட்டில் ஓர் ஆறு, ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்துக்கு வாய் கிடையாது. ஆகவே அதன் வலியைச் சொல்ல நிறம் மாறும் பட்டைகளை ஒட்டியிருந்தார்கள். தாங்கும் சுமைக்குப் பச்சை. தாங்காத சுமைக்குச் சிவப்பு. வெயிலில் காய்ந்து பட்டைகள் வெளுத்தன. பாலம் ஊமையானது.

பாலக் கண்காணிப்பாளர் கோமளவல்லி சும்மா இருக்கவில்லை. அவள் கணவன் நல்லப்பன் அந்தப் பாலத்தில்தான் பால்வண்டி ஓட்டினான். வெயிலும் மழையும் தாக்காத பூச்சு ஒன்றைக் காய்ச்சி, பட்டையில் பூசி, அரசவைக்குக் கொண்டுபோனாள்.

பொதுப்பணி அமைச்சர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பூச்சு எங்கேம்மா?”

“பூசியாச்சுங்க ஐயா. கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாததை நான் எப்படித் திறந்து வைப்பேன்?”

அவை கைதட்டியது. பூச்சைத் தள்ளிவிட்டு, புதுப் பட்டைகளை ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கல்மண்டபம் கட்ட ஆணை பிறந்தது. மண்டபத்துக்கு அமைச்சர் சிலை, சிலைக்குக் காவலர், காவலருக்குச் சமையற்கூடம் என்று பாலத்தின் மேலேயே ஓர் ஊர் எழுந்தது. வெளிச்சம் படக்கூடாதென்று மண்டபங்களைப் பூட்டினார்கள். பாலத்துக்கு இழுக்கு என்று பரிசல்களையும் தடை செய்தார்கள்.

திறப்பு விழாவுக்காக இரு கரையிலும் மக்களை நிறுத்தியிருந்தார்கள். பாலத்தின் தலைமாட்டில் இருந்த முதல் மண்டபத்தை அமைச்சர் திறந்தார். உள்ளே பட்டை செக்கச்செவேல் என்றிருந்தது.

“ஆகா! கொஞ்சமாவது வெளுத்திருக்கிறதா பாருங்கள்!” என்றார் அமைச்சர்.

“ஐயா, சிவப்புன்னா ஆபத்துங்க. மண்டபங்களோட பாரம்தான். யாரையும் ஏத்தாதீங்க!” கோமளவல்லி குறுக்கே வந்து நின்றாள்.

“நிறம் நிலைத்ததா என்பதே கேள்வி. என்ன நிறம் என்பதல்ல.”

கூட்டத்தில் ஒரு மீன்காரி குரல் கொடுத்தாள்: “அப்போ நீங்க முன்னால நடங்க சாமி. நாங்க பின்னாலயே வர்றோம்!”

சிரிப்பு எழுந்து, காவலர் திரும்பியதும் அடங்கியது. அமைச்சர் பாலத்தைப் பார்த்தார். கீழே சுழித்தோடும் தண்ணீரைப் பார்த்தார்.

“மக்களை முந்துவது நம் மரபல்ல,” என்றார்.

முரசு முழங்கி ஆணை வந்தது: பாலம் உறுதியானது, மக்கள் அதில்தான் கடக்க வேண்டும், அமைச்சர்களுக்கு மட்டும் பரிசல்.

எதிர்க்கரையில் தடுப்புக்கட்டை உயர்ந்தது. முதலில் நின்றது நல்லப்பனின் வண்டி. மாடுகள் அசைந்தன.

“வராதீங்க! மாட்டைத் திருப்புங்க!” கோமளவல்லி பாலத்தில் ஏறி ஓடினாள். காலடியில் கல் முனகியது.

பரிசலில் அமர்ந்திருந்த அமைச்சர் அவளை அண்ணாந்து பார்த்து நெகிழ்ந்து போனார்.

“பார்த்தீரா,” என்றார் செயலரிடம், “பாலத்தின் மேல் மக்களுக்கு எத்தனை நம்பிக்கை!”