மேலே யானை நடந்தாலும்

கதவைக் காணோம்.

கூரைக்காரர் பரணுக்குள் மண்டியிட்டு, டார்ச்சை நாலு பக்கமும் அடித்துப் பார்த்தார். ஏறிவந்த கதவு தரையில்தான் இருக்க வேண்டும். ஆனால் வெயிலும் சத்தமும் கீழே இறங்காமலிருக்க, சுவருக்குச் சுவர் அவரே ஒட்டிய தெர்மாகோல் பலகைதான் தெரிந்தது. வேலை மும்முரத்தில் கதவின் மேலேயும் ஒன்றை வைத்து ஒட்டித் தொலைத்திருக்கிறார். தன்னைத்தானே பார்சல் கட்டிக்கொண்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

செல்போன் கீழே சார்ஜில் கிடந்தது.

ஒரு குரல் கொடுத்தால் முடிந்தது. அங்கேதான் சிக்கல். வீட்டுக்காரர் ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர். அவர் தலையாட்டினால் தெருவே வேலைக்குக் கூப்பிடும். உதட்டைப் பிதுக்கினால் ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள். காலையில் இவர் வாய் சும்மா இருந்ததா?

"மேல யானை நடந்தாலும் கீழ கேட்காது சார்."

"அதையும்தான் பார்த்துடுவோமே. நேர் கீழேயே நாற்காலியைப் போட்டு உக்காந்துக்கறேன்," என்றார் ஹெட்மாஸ்டர். இவர் முதல் ஆணியை அடித்ததுமே முகத்தைச் சுளித்தவர், பொடி டப்பா மாதிரி எதையோ திறந்து மூடிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது கூவினால், அது கீழே கேட்டால் பிழைப்பு போச்சு. கேட்காவிட்டால் ஆளே போச்சு.

சத்தமில்லாமல் ஒரு பலகையைப் பெயர்க்கப் பார்த்தார். 'ஒட்டினா ஒட்டினதுதான்' என்று அவரே ஊரெல்லாம் புகழ்ந்த பசை. உளியால் நெம்பினார். பலகை இரண்டாக உடைந்தது. அடியில் கதவு இல்லை. அடுத்ததும் உடைந்தது. அங்கேயும் இல்லை.

மானத்தை விட்டார்.

"சார்! நான் உள்ள மாட்டிக்கிட்டேன் சார்!"

பதில் இல்லை. காலால் உதைத்தார். சுத்தியலால் உத்தரத்தை அடித்தார். ம்ஹூம்.

முதலில் பெருமையாக இருந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. எதுவுமே கேட்காது என்று உறுதியானதும் தைரியமும் வந்தது.

"யோவ் ஹெட்மாஸ்டர்! பரீட்சைப் பேப்பர் மூஞ்சி! ஒரு ஆணிக்கு ஒன்பது கேள்வி! உன்கிட்ட அந்தம்மா எப்படித்தான் குப்பை கொட்டுறாங்களோ!"

மனசு லேசானது. மூளையும் வேலை செய்தது. மேலே இருப்பது வெறும் ஓடுதானே? உடைந்த துண்டுகளைப் பள்ளத்தில் திணித்துவிட்டு, நாலு ஓட்டை நகர்த்தி வெளியே வந்தார். ஓட்டைப் பழையபடி மூடினார். மழைத்தண்ணிக் குழாயைக் கட்டிக்கொண்டு சறுக்கினார். குழாயும் பாதி தூரம் கூடவே வந்தது.

சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த வீட்டம்மா, உள்ளே போய்க் கணவரின் தோளைத் தட்டினார். டப்பாவை மூடிக்கொண்டே ஹெட்மாஸ்டர் வாசலுக்கு வந்தார்.

"எப்ப இறங்கினீங்க? கதவுக்கு நேர் கீழதானே உக்காந்திருந்தேன்? ஒரு பொட்டுச் சத்தம் கேட்கலையே!"

"குழாய் லூசா இருந்துச்சு, அதையும் மாட்டிக்கிட்டு இருக்கேன் சார். பரண் கதவை மட்டும் ரெண்டு நாள் தொடாதீங்க. பசை காயணும்."

"பிரமாதம்! தெருவுல எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

சொன்ன கையோடு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பியும்விட்டார். கூரைக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. செல்போனைக் கொண்டுவந்து நீட்டிய வீட்டம்மா, தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சுத்தியல் சத்தம் தாங்காம காலையிலயே காது மிஷினைக் கழட்டி டப்பாவுல வச்சவர், இப்பத்தான் எடுத்து மாட்டினார். அது இல்லாமத்தான் கேட்கலைங்கறதையே மறந்துட்டார். எனக்கு ஒண்ணு விடாம கேட்டுச்சு. அந்தப் 'பரீட்சைப் பேப்பர் மூஞ்சி'யை மட்டும் இன்னொரு தடவை சொல்லிட்டுப் போங்க தம்பி!"