பாலசமுத்திரம் புதைந்த கதை

அசையாத இடம் என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருந்தாலும், என் சித்தப்பா வீட்டார் அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிடுவார்கள். வருடங்கள் ஓடிவிட்டன; கோபம் மட்டும் ஆறவில்லை.

அப்போது திருப்பதியில் ஒரு சிறிய கம்பெனியில் தற்காலிக வேலை. நிலத்தடிச் சுரங்கத்தில் நிலக்கரியை எடுத்த பிறகு மேலே உள்ள நிலம் மெல்ல இறங்கும். வீட்டுச் சுவர் விரிசல் விடும், வயலில் பள்ளம் விழும். அந்த இறக்கத்தைச் செயற்கைக்கோள் ரேடாரால் மில்லிமீட்டர் கணக்கில் கண்காணிப்பது எங்கள் தொழில். அதற்கு மூன்று அலுமினியத் தகடுகள் சேர்ந்த ஒரு பிரதிபலிப்பானை, நான்கு கால் ஸ்டாண்டில், வானம் பார்த்தபடி நிலத்தில் நிறுத்த வேண்டும். (பார்வைக்கு, பெரிய தகரப் பெட்டியின் மூலையை வெட்டி வைத்த மாதிரி.)

வடக்கே ஒரு சுரங்கத்தார் நிபந்தனை போட்டார்கள்: முதலில் அசையாத நிலத்தில் வைத்து, அசையவில்லை என்று காட்ட வேண்டும். ஒப்பந்தம் கிடைத்தால் என் வேலை நிரந்தரம். "எங்க ஊரு பாலசமுத்திரம் இருக்கே சார்!" என்று கை தூக்கியவன் நான். (யாரும் என்னைக் கேட்கவில்லை.)

சித்தப்பாவின் மாந்தோப்பில் கான்கிரீட் போட்டு, போல்ட் முடுக்கி, 'தொடக்கூடாது' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதி வைத்துவிட்டு வந்தேன். கத்திரி வெயில் தொடங்கிய வாரம். தேதிகளைக் குறித்து வைப்பதில் நான் புலி. அது மாம்பழ சீசன் என்பது மட்டும் உறைக்கவில்லை.

செயற்கைக்கோள் கடந்த ஒவ்வொரு முறையும் நிலம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம், அத்தனை அழகான சரிவு! போர்வெல்கள்தான் காரணம் என்று ஆவேசமாக ஓர் அறிக்கை எழுதினேன். அதைப் படித்த சுரங்க அதிகாரி நேரில் பார்க்க ரேணிகுண்டாவில் வந்து இறங்கிவிட்டார். காரில் மேனேஜர் என் காதில் சொன்னார்: "அங்க நிலம் இறங்கியிருக்கணும். இல்லன்னா நம்ம கணக்கே தப்புன்னு ஆயிடும், நாளைக்கு ஆபீசுக்கு வராத."

தோப்பில், கான்கிரீட் காலியாகக் கிடந்தது. பக்கத்து மண்ணில், நான்கு கால்களும் நான்கு தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்க, சித்தப்பாவின் பழைய வேட்டியைப் போர்த்திக்கொண்டு நின்றது என் பிரதிபலிப்பான். வேட்டியை விலக்கினேன். அடித்தகட்டில், மாம்பழச் சாற்றை அடுக்கடுக்காக ஊற்றிக் காயவைத்த தாண்ட்ரா.

"யாரு இதை நகர்த்தினது?"

"இன்னாத்துக்குடா கத்தற?" என்றார் சித்தப்பாவின் மனைவியான சின்னம்மா. "நீ பஸ் ஏறின மறுநாளே நகர்த்திட்டோம். மூணு பக்கமும் சூடு, சூப்பரா காயுது. சிமெண்டு மேல எறும்பு ஏறிச்சி, அதான் கிண்ணத்துல நிக்க வெச்சிகீறோம்."

"தொடக்கூடாதுன்னு எழுதி வெச்சேனே!"

"எறும்புக்குத் தெலுங்கு வராதுடா," என்றார் சித்தப்பா. "தெனம் ஒரு சொம்பு சாறு ஊத்திக்கினே கீறோம். கனம் ஏறுது, கிண்ணத்துத் தண்ணி வழிஞ்சி மண்ணு சேறாவுது. எறங்காம இன்னா பண்ணும்?"

தினம் ஓர் அடுக்கு, தினம் கொஞ்சம் இறக்கம். என் போர்வெல் ஆராய்ச்சி அந்தச் சேற்றிலேயே அடக்கமானது.

அதிகாரி கிண்ணங்கள் புதைந்திருந்த ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்தார். என் வரைபடத்தோடு ஒப்பிட்டார்; அச்சாக ஒத்துப்போனது. பிறகு தாண்ட்ராவில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். "பாகுந்தி," என்று தெலுங்கில் மெச்சினார். கணக்கையா, தாண்ட்ராவையா என்று சொல்லவில்லை.

ஒப்பந்தம் கிடைத்தது. "கிண்ணம் புதைஞ்சதைக்கூட விடலை பாருங்க, எங்க சாஃப்ட்வேர்!" என்று மேனேஜர் பெருமை அடித்துக்கொண்டார். ஆனால் அதிகாரி ஒரு வரி சேர்த்தார்: ஒவ்வொரு பிரதிபலிப்பானையும் ஓர் ஆள் நேரில் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் நான்! வேலை நிரந்தரமாயிற்று, வெயிலும்தான். சுரங்கத்துக்கு மேலே உள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போய், "அம்மா, இது மேல ஏதாவது காயப் போட்டிருக்கீங்களா?" என்று தெலுங்கில் கெஞ்சுகிறேன். நகர்த்தியவர்களோ நிழலில் உட்கார்ந்து மாம்பழம் தின்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

லீவில் ஊருக்குப் போனால், சாப்பிட உட்காரும்போதே சின்னம்மா ஆரம்பித்துவிடுவார்: "ஏன்டா, ஊரு இன்னிக்கி எவ்ளோ எறங்கிகீது?" வீடே சிரிக்கும். சுடச்சுடப் பதில் சொல்லத்தான் ஒவ்வொரு முறையும் வாயைத் திறக்கிறேன். அதற்குள் ஒரு துண்டு தாண்ட்ராவைத் திணித்துவிடுகிறார், பல் ஒட்டிக்கொள்கிறது.