தொண்ணூற்றொன்பது போதும்

லிஃப்ட் மறுபடியும் கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. கிராதிக் கதவு வழியாக லிஃப்ட்காரரின் செருப்புக் கால் மட்டும் தெரிந்தது.

"சார்! மேனேஜர் சார்! ஒரு விஷயம்..."

"மெக்கானிக் வர்றாருய்யா. கத்தி உயிரை வாங்காதே!"

மேனேஜருக்கு இன்றைக்கு லிஃப்ட்டைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. பதினோரு மணிக்குப் பழங்கட்டட இலாகா அதிகாரி வருகிறார். இந்த வணிக மாளிகைக்கு நூறு வயதாகிவிட்டது என்று அவர் எழுதிவிட்டால் அப்புறம் யாரும் இடிக்க முடியாது. ஆகவில்லை என்றால் அடுத்த மாதமே தரைமட்டம். பத்திரத்தைக் கரையான் தின்று வெகுகாலமாயிற்று. எல்லாம் அதிகாரி கண்ணால் பார்த்துச் சொல்வதுதான்.

மேனேஜர் இடிக்கிற கட்சி. "கட்டடம் நிக்கிற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்" என்று முதலாளி சொன்னபோது மரியாதைக்குத் தலையாட்டித் தொலைத்துவிட்டார். முப்பத்தோரு வருடமாயிற்று. அறுபத்தெட்டு வயதிலும் அடைத்த குழாயைக் குத்திக்கொண்டிருக்கிறார், பாவம். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மகள் வீட்டுக்கே போய்விட்டாள்.

போன் அடித்தது. அவள்தான்.

"இன்னிக்காவது முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும். நாளைக்கு வந்து படுத்தேன்னா ஒரு வாரத்துக்கு யாரும் எழுப்பக் கூடாது."

போனை வைத்தபோதுதான் வாசல்படிக் கல் கண்ணில் பட்டது. அதில் ஒரு வருடம் செதுக்கியிருந்தது. விரல்விட்டு எண்ணினார். நூற்றுநாலு! ஓடிப்போய்க் கொத்தனாரை இழுத்து வந்தார்.

"சிமென்ட் பூசி மறைச்சிடுய்யா."

"வழவழன்னு இருக்கு சார். கொத்திவிட்டாத்தான் பிடிக்கும்."

கொத்தினார். நாலாவது அடியில் பக்கத்துச் சுவரின் காரை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே செங்கற்கள். ஒவ்வொன்றிலும் சூளைக்காரன் பதித்த வருடம். கணக்குப் பார்த்தால் நூற்றிருபது.

"சார்! அந்தக் கல்லு இருக்கே..." என்றது செருப்புக் கால்.

"நீ வேற ஏன்யா! அதிகாரி வர்ற நேரம்."

மணி பத்தே முக்கால். மேனேஜர் தம் அறையிலிருந்த பீரோவைக் கொண்டுவந்து செங்கல்லை மறைக்கச் சொன்னார். முப்பத்தோரு வருடமாக நகராத பீரோ அது. இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள்.

பீரோவுக்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது. ஒரே மரத்தில் இழைத்த தேக்குக் கதவு. நிலையின் உச்சியில், யாரும் கேட்காமலே, வருடம். நூற்று நாற்பது!

"இதுக்கு மேல எதையும் நகர்த்த வேணாம் சார்" என்றார் கொத்தனார்.

அதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கல்லைப் பார்த்தார், செங்கல்லைத் தடவினார், கதவைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"இதையா இடிக்கப் பாத்தாங்க? நான் உயிரோட இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்!"

"இல்ல சார், அவ்வளவு வயசு இருக்காது..."

"உங்க தன்னடக்கம் எனக்குப் புரியுது. இவ்வளவையும் காப்பாத்தி வெச்சிருக்கீங்களே! நீங்களே தொடர்ந்து பாத்துக்கணும்னு உத்தரவுலயே எழுதிட்டேன். இனிமே யார் வந்து என்ன சொன்னாலும் இதை மாத்த முடியாது."

முத்திரை குத்தி, கைகுலுக்கிவிட்டுப் போனார். மேனேஜர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை.

மெக்கானிக் வந்து ஏதோ திருகினார். லிஃப்ட் தடாலென்று கீழே இறங்கியது. லிஃப்ட்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இப்பச் சொல்லுய்யா. என்னவோ கத்தினியே?"

"கல்லு, செங்கல்லு, கதவு எல்லாமே பழைய வீடுங்களை இடிச்ச இடத்துல மலிவா வாங்கினது சார், எங்கப்பாதான் வண்டியில ஏத்திட்டு வந்தாரு, இந்தக் கட்டடம் என்னைவிட ரெண்டு வயசு சின்னது."