பெட்டியர் வீட்டு அயர்லாந்துக்காரர்

லண்டனில் தன் வீட்டுக் கட்டிலை விற்றுவிட்டு அந்த இடத்தை அயர்லாந்துக்காரருக்குக் கொடுத்த ஒரே யாழ்ப்பாணத்தவர் பெட்டியர்தான். கோயிலில் வைத்தும் சத்தியம் செய்வேன்.

அயர்லாந்துக்காரர் என்றால் ஆட்கள் அல்ல, பெட்டிகள். நானும் அவரும் கிழக்கு லண்டனில் ஒரே கராஜில் பஸ் ஓட்டியவர்கள். அந்தக் கராஜின் தொழிற்சங்கக் கிளையை வளர்த்தவர்கள் முக்கால்வாசியும் அயர்லாந்துக்காரர்கள். அவர்களில் கடைசிச் செயலாளரான பற்றிக் ஓய்வுபெற்றதும் சங்க அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கூட்டங்களில் பேசியதையெல்லாம் எழுதிவைத்த மினிட்ஸ் புத்தகங்கள், வேலைநிறுத்தத் துண்டுப் பிரசுரங்கள், சட்டையில் குத்தும் பட்ஜ்கள், ஊர்வலத்தில் பிடித்த பதாகை எல்லாம் குப்பைக்குப் போக இருந்தன. நம்மவர் ஷிப்ட் முடிந்த கையோடு ஒரு வான் வண்டியைப் பிடித்து அத்தனையையும் மனோர் பார்க்கிலுள்ள தன் வீட்டுக்கு ஏற்றிப் போனார். பட்டப்பெயர் அன்றைக்கே விழுந்துவிட்டது. உண்மைப் பெயரை இப்போது அவருடைய மனைவியே யோசித்துத்தான் சொல்லுவார்.

அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போவது பெரிய சோதனை. வாசலிலேயே கை கழுவ வேண்டும். கதிரையில் துண்டுப் பிரசுரங்கள் இருக்கும், நாம் நிற்க வேண்டும். பெட்டிகள் இருக்கும் அறைக்குள் தேத்தண்ணி கொண்டுபோகத் தடை. யாழ்ப்பாணத்து வீட்டில் வந்தவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுக்காவிட்டால் கனடா வரைக்கும் கதை போகும். பெட்டியருக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. கழற்றிவிட்ட சப்பாத்துகளுக்கு நடுவே வாசல் பாசேஜில் நின்றபடி ஆளுக்கொரு கோப்பை குடிப்போம்.

ஒருநாள் தெரு முழுவதையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். ஆட்டிறைச்சி, இறால், கணவாய் என்று அமர்க்களம். மகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டதாக்கும் என்று நானும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று மெதுவாகக் கேட்டேன்.

"ஐரிஷ்காரர் பிரீசருக்குள்ள கிடக்கினம். இறைச்சிக்கு இடமில்லை. நீர் வடிவாச் சாப்பிடும்" என்றார்.

பக்கத்தில் இருந்த புதுக் குடித்தனக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். விஷயம் இதுதான்: மினிட்ஸ் புத்தகங்களுக்குள் பூச்சி ஓடியிருக்கிறது. காப்பகங்களில் பூச்சியைக் குளிரில் உறையவைத்துத்தான் கொல்வார்கள் என்று பெட்டியர் எங்கோ வாசித்திருக்கிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அக்காவின் முழங்கால் குறுக்கிட்டது. அக்கா என்றால் பெட்டியரின் மனைவி. படி ஏற முடியவில்லை. ஹவுன்ஸ்லோவில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பிளாட் பார்த்து, இந்த வீட்டை விற்க முடிவாயிற்று. பிளாட்டில் பெட்டிகளுக்கு இடமில்லை.

"ஒண்டில் நான் வருவன், இல்லாட்டி உந்தப் பெட்டியள் வரும். ரெண்டும் ஏலாது" என்று அக்கா சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. கட்டில் போனபோதே அவர் சொல்லியிருக்கலாம்.

யாருக்கு வேண்டும் இந்தப் பழசு, கவுன்சில் குப்பையில் போட்டுவிடலாமே என்று நானும் ஒத்து ஊதினேன். பெட்டியருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது.

"நான் வந்த புதுசில பஸ்ஸைப் பிழையான ரோட்டில விட்டு, வேலை போக இருந்தது தெரியுமே? எனக்கு அப்ப வாய் திறக்க இங்கிலீஷ் இல்லை. பற்றிக்தான் எனக்காகக் கதைச்சவர். அந்த மனிசன்ரை கதையை நான் எப்பிடிக் குப்பையில போடுறது?"

கடைசியில் அயர்லாந்துத் தொழிலாளரின் ஆவணங்களைத் திரட்டும் ஒரு காப்பகத்திலிருந்து நோரா என்ற பெண் பார்க்க வந்தார். டப்ளினில் தலைமைச் சங்கங்களின் ஆவணங்கள் பத்திரமாக இருக்கின்றன, கடல் தாண்டி வந்து உழைத்தவர்களின் கிளைகளில்தான் எதுவும் மிஞ்சவில்லை என்று அவர் சொல்ல, பெட்டியர் பூரித்துப்போனார். முதல் மினிட்ஸ் புத்தகத்தை நோரா கையில் எடுத்தார். அட்டையில் மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை. அடுத்ததிலும் அப்படியே. கறைபட்டவை, பூஞ்சணம் பிடித்தவை என்றால் எடுப்பது கஷ்டம் என்று வரும்போதே சொல்லியிருந்தார். அவர் முகம் மாறியது.

பெட்டியர் என் கையைப் பிடித்தார். "தம்பி, நீர் சொல்லும். இது ஊத்தை இல்லையெண்டு சொல்லும்."

நான் விளக்கினேன். எங்கள் வீடுகளில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். மதிக்கிற புத்தகங்களுக்கு மட்டும்தான் வைப்போம். இவர் வருஷம் தவறாமல் இவற்றுக்கு வைத்திருக்கிறார்.

நோரா அந்தப் பொட்டைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஆட்கள் இவற்றின்மேல் பியர் கிளாஸ்தான் வைத்திருப்பார்கள் என்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகவும், பொட்டுகளைத் துடைக்க மாட்டோம், யார் எதற்காக வைத்தது என்று பட்டியலிலேயே எழுதிவிடுவோம் என்றும் சொன்னார். ஒரேயொரு வேண்டுகோள், இனிமேல் வைக்க வேண்டாம்.

பெட்டியர் தலையாட்டினார். பிறகு அடுப்படிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

போன மாதம் ஹவுன்ஸ்லோ பிளாட்டுக்குப் போயிருந்தேன். மெத்தென்ற சோபாவில் உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்தார்கள். பெட்டியர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் எழுந்து பாசேஜுக்குப் போனார். நானும் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்று குடித்தேன்.