மணிக்குள்ளே மாமியார்

இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று அலாரம் முடிவு செய்துவிட்டார். ஒரே ஒரு வார்த்தை. "முடியாது."

அலாரம் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. பெரிய பெரிய அலுவலகக் கட்டடங்களில் தீ எச்சரிக்கை மணி ஒழுங்காக அடிக்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. அதனால் அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு பெயர். தலைக்கு மேலே மணி அலறினாலும் மனிதர் காதைப் பொத்த மாட்டார். அப்பேர்ப்பட்ட தைரியசாலி! வீட்டுக்குள் மட்டும், மனைவி அடுத்த அறையிலிருந்து "ஏங்க" என்றால் கையில் இருப்பது கீழே விழுந்துவிடும். "ஏங்க, ஒரு நிமிஷம் இங்க வாங்க" என்றால் அவரே விழுந்துவிடுவார்.

விஷயம் இதுதான். மனைவியின் அக்கா வீட்டில் இருக்கும் மாமியாரை இங்கேயே கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள் மனைவி. மாமியார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. பள்ளிக்கூடம் அவரை விட்டுவிட்டது, அவர்தான் இன்னும் பள்ளிக்கூடத்தை விடவில்லை. "மாப்பிள்ளை, டம்ளரை எங்கே வெச்சீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார். பதில் சொல்லும்போது அலாரம் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டிருப்பார். ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியாது. பயம். வேறென்ன?

இதுவரை அவரைக் காப்பாற்றி வந்தது ஒரு அறை. வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் இவர்கள் படுக்கிறார்கள். இன்னொன்றில் மனைவியின் களிமண் குடியிருக்கிறது. பானை செய்கிற களிமண் இல்லை. பாலிமர் களிமண். கலர் கலராகக் கட்டியாக வரும். பிசைந்து உருட்டி ஓவனில் சுட்டால் கல் மாதிரி ஆகிவிடும். அதில் மணி செய்து, செம்புக் கம்பி, கடிகாரச் சக்கரம், லேஸ் துணி, பொத்தான் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கோத்து மாலையாக்குவாள். கைக்குக் கிடைத்தது என்றால் கிடைத்ததுதான். அலாரத்தின் கோட்டில் இப்போது பொத்தானே கிடையாது. அவருடைய பழைய கடிகாரம் யாரோ ஒரு புண்ணியவதியின் காதில் தொங்குகிறது.

"அத்தை வந்தா எங்கே படுப்பாங்க? அந்த ரூம்ல கால் வைக்க இடம் இருக்கா? அந்தத் தூசி அவங்க நெஞ்சுக்கு ஆகுமா?" என்று அக்கறையோடு கேட்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை அம்மா வர்றாங்க. அவங்ககிட்டயே நேர்ல சொல்லிடுங்க. முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாது," என்றாள் மனைவி. "ஆனா ஒண்ணு. எங்கம்மாவை மட்டம் தட்டி ஒரு வார்த்தை வந்துச்சு, நானும் அவங்களோட கிளம்பிடுவேன். நீங்களும் உங்க அலாரமும் இந்த வீட்ல மாத்தி மாத்திக் கத்திக்கிட்டு இருக்கலாம்."

ஆகவே ஒத்திகை தேவைப்பட்டது.

மறுநாள் காலையில் மனைவி எதையோ கொடுக்க மேல்மாடி வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அலாரம் களிமண் அறைக்குள் நுழைந்தார். மாலையைப் போட்டு அழகு பார்க்க அங்கேதான் பெரிய கண்ணாடி இருந்தது. கழுத்தில் மூன்று மாலைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கினார். களிமண் உருட்டும் கட்டையைக் கையில் பிரம்பாகப் பிடித்தார். மாமியார் தயார்.

"மாப்பிள்ளை! நகம் வெட்டியாச்சா? நீட்டுங்க பாப்போம்!"

ஒரே தாவில் எதிர்ப்பக்கம். இப்போது அவர் அவரே.

"முடியாது அத்தை! இது வீடு, பள்ளிக்கூடம் இல்ல! உங்க மணியை உங்க ஸ்கூல்லயே போய் அடிங்க!"

மறுபடி இந்தப் பக்கம். மாமியார் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். "மாப்பிள்ளை, தெரியாம கேட்டுட்டேன், மன்னிச்சிடுங்க!"

"மன்னிப்பெல்லாம் கிடையாது. ஏறுங்க ஸ்டூல் மேல!"

மாமியார் ஸ்டூல் மேல் ஏறினார். அதாவது அலாரம் ஏறினார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. ஏறி நிமிர்ந்தவர் கண்ணுக்கு நேரே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று மின்னியது.

மணி செய்வதைப் படம் பிடிக்க மனைவி மேஜைக்கு மேலே மாட்டி வைத்திருந்த கேமரா. அணைக்காமல் போயிருக்கிறாள்.

அலாரம் ஸ்டூலில் நின்றபடியே கேமராவை எட்டிப் பிடித்தார். எதை அமுக்கினால் அழியும் என்று தெரியாமல் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். கேமரா அவரைக் கிட்டத்தில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டது. கடைசியில் பக்கவாட்டு மூடியைத் திறந்து, நகக்கண் அளவு மெமரி கார்டை உருவிவிட்டார். அதே நேரம் வாசல் கதவு திறக்கும் சத்தம். சட்டைப் பையா? கூடவே கூடாது. துவைக்கப் போடும் முன் அவர் பைகளைச் சோதிப்பதில் மனைவி விமான நிலையத்து ஆட்களைத் தோற்கடித்துவிடுவாள். மேஜையில் சேற்று நிறத்தில் ஒரு களிமண் உருண்டை கேட்பாரற்றுக் கிடந்தது. கார்டை அதற்குள் அமுக்கி, விரலால் தடவி மூடினார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"சும்மாதான். தூசி தட்டினேன்."

"கழுத்துல மூணு மாலை போட்டுக்கிட்டா?"

"இதுலயும் தூசி இருந்துச்சு. வேலைக்கு நேரமாச்சு, வர்றேன்."

அன்று முழுக்க அவருக்கு வேலையே ஓடவில்லை. எந்த மணி அடித்தாலும் மாமியார் வருவது போலவே இருந்தது. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற ஆளிடம், யாருக்கோ கேட்பது போல, மெமரி கார்டு எதில் சாகும் என்று கேட்டு வைத்தார்.

"அதுவா? என் கார்டு துணி மெஷின்ல சுத்தி, வெயில்ல காஞ்சு, இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலயும் போயிட்டு வந்துச்சு சார். அப்புறமும் என் கல்யாண வீடியோ ஓடுது. நான்தான் பார்க்கிறதில்ல."

சாயந்திரம் வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக மேஜையைப் பார்த்தார். உருண்டை இல்லை.

"இங்க ஒரு அழுக்கு உருண்டை இருந்துச்சே?" குரல் அவர் பேச்சைக் கேட்காமல் கிறீச்சிட்டது.

"அழுக்கா? அது எல்லாக் கலர்லயும் மிஞ்சின துண்டுங்க. அதைத் தூக்கிப் போடமாட்டோம். அதுதான் மணிக்கு வயிறு. உள்ள அதை வெச்சு, மேல மெல்லிசா நல்ல களிமண்ணைப் போர்த்திடுவோம். வெளிய பார்த்தா பட்டு மாதிரி இருக்கும். உள்ள என்ன குப்பை இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லி, அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்போ அது எங்கே?"

"ஓவன்ல. அம்மாவுக்கு மாலை. ஞாயித்துக்கிழமை வந்ததும் கழுத்துல போட்டுடணும். ஆமா, கேமரா கார்டைக் காணோம்ங்க. எங்கேயாவது விழுந்திருக்கும், விடுங்க."

குண்டூசி ஒன்று குறைந்தாலும் வீட்டைத் தலைகீழாக்குகிறவள், கார்டைக் காணோம், விடுங்க என்கிறாள். அப்போதே அலாரத்துக்கு உறைத்திருக்க வேண்டும். பயந்த மூளையில் எதுதான் உறைக்கும்?

ஓவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். கசக்கிய காகிதத்தின் மேல் நீலமும் பொன்னுமாக மணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஏதோ ஒன்றின் வயிற்றுக்குள் அவர் ஸ்டூல் மேல் நிற்கிறார். மாமியாரை அழ வைத்த படம், மாமியார் கழுத்திலேயே தொங்கப் போகிறது! ஒரு மணி கீழே விழுந்து பிளந்தால் போதும். "இது என்ன மாப்பிள்ளை? டீவில போட்டுக் காட்டுங்க." அந்தப் பயத்தில்தான் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது.

"நான் வேணா மணியைத் தேய்ச்சுத் தரட்டுமா?"

"நீங்களா?"

"அத்தைக்குச் செய்யறது. என் கையும் படட்டுமே."

மணி செய்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு ஓடுகிற வேலை அது. கிண்ணத்துத் தண்ணீரில் மணியை நனைத்து, முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு அதைவிட மெல்லிசு, பிறகு அதைவிட மெல்லிசு. வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அலாரம் தேய்த்தார். எங்காவது கறுப்பாக ஒரு ஓரம் தட்டுப்படாதா என்று தேய்த்தார். தட்டுப்பட்டது பளபளப்புதான். துளை போடும் வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டார். களிமண் தூள்தான் வந்தது. காதருகே வைத்துக் குலுக்கினார். விளக்குக்கு நேரே பிடித்தார். ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்துவிட்டாள்.

"என்னங்க, அதைப் போய்க் கடிக்கறீங்க?"

"வெந்துடுச்சான்னு பார்த்தேன்."

"வெந்திருக்கா?"

"பதம்."

சனிக்கிழமை மணிகளெல்லாம் கண்ணாடி போல ஜொலித்தன. கார்டு கிடைக்கவில்லை. விரல் நுனிகள் தேய்ந்து ரேகையே போய்விட்டது. மனைவி மாலையைக் கோத்துக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அந்த உருண்டை பூராவும் மணிக்குள்ள போகலைங்க. பாதியைப் பிய்ச்சு அந்த ரூம்லதான் எங்கேயோ வெச்சேன். எந்தப் பெட்டிலன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது. சரி, கொக்கி தீர்ந்துபோச்சு, கடை வரைக்கும் போயிட்டு வர்றேன்."

அவள் தெரு முனையைத் தாண்டவில்லை, அலாரம் அறைக்குள் பாய்ந்தார். பெட்டி பெட்டியாகத் தூக்கி வெளியே வைத்துக் கிளறினார். கம்பிச் சுருள், லேஸ், சிப்பி, சக்கரம், தன்னுடைய கோட்டுப் பொத்தான்கள், எல்லாம் கிடைத்தன. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்தினார். மேஜையைப் பிரித்துக் கூடத்தில் சாய்த்தார். தரையைக் கூட்டி, கூட்டிய தூசியைச் சல்லடையில் சலித்தார். எங்காவது இடுக்கில் ஒட்டியிருக்குமோ என்று ஈரத்துணியால் தரையைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். ஒன்றும் இல்லை. வெறும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் தனக்கு யார் இருக்கிறார்கள்? யாரைப் பார்த்துப் பயப்படுவது?

வாசலில் வந்து நின்ற மனைவி கன்னத்தில் கை வைத்தாள். "அடேங்கப்பா! இந்த ரூமுக்கு இவ்வளவு பெரிய ஜன்னல் இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமியாரும் வந்தார். சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். மகள் மாலையைக் கழுத்தில் போட்டாள். அலாரம் எதிரே நாற்காலியின் விளிம்பில் தொத்திக்கொண்டிருந்தார். மாமியார் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே ஒரு மணியைப் பிடித்துத் திருகினார். அலாரத்தின் கழுத்தைத் திருகுவது போலிருந்தது. அதை விட்டு அடுத்த மணிக்குப் போனார். பிறகு அதற்கடுத்தது.

"கொக்கி சரியில்ல அத்தை!" என்று கத்தியேவிட்டார். "கழட்டிக் குடுங்க, நான் பார்த்துத் தர்றேன்!"

மாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். கைப்பையைத் திறந்தார். ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் பிரித்தார். உள்ளே நகக்கண் அளவில், ஓரத்தில் சேற்று நிறக் களிமண் ஒட்டிய கார்டு.

"இதைத்தானே தேடறீங்க?"

அலாரம் எழுந்து நின்றார். கை தானாகக் கட்டிக்கொண்டது.

"களிமண்ணை மெஷின்ல விட்டு உருட்டும்போதே கறக்குனு ஒரு சத்தம்," என்றாள் மனைவி. "அன்னைக்குக் காலையிலயே எடுத்துட்டேன். நேத்து கொக்கி வாங்கப் போனப்போ அம்மாகிட்ட குடுத்துட்டு வந்தேன்."

"அப்போ நான் தேய்ச்சது?"

"அழகா வந்திருக்குங்க. என் கைக்கு இவ்வளவு வழவழப்பு வந்ததே இல்ல."

"ரூமை ஒழிச்சது?"

"அது அதைவிட அழகா வந்திருக்கு."

மாமியார் தொண்டையைச் செருமினார். "படத்தைப் பார்த்தேன் மாப்பிள்ளை. நடை பரவாயில்ல. குரலும் பரவாயில்ல. நான் அழற இடம்தான் தப்பு. நான் யார் முன்னாலயும் அழுததில்ல." அலாரம் கட்டிய கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். "கேலி பண்ணினதுக்கு எனக்குக் கோபம் இல்ல. ரெண்டாயிரம் பிள்ளைங்க என்னை மாதிரி நடந்து காட்டியிருக்கு. நீங்க அதுல முடியாதுன்னு சொன்னீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துது. மனசுல பட்டதை மறைக்காம சொல்ற மாப்பிள்ளை. டாக்ஸி கீழதான் நிக்குது, பெட்டியும் அதுலதான் இருக்கு. அதே வார்த்தையை இப்போ என் முகத்தைப் பார்த்துச் சொல்லிடுங்க. அப்படியே திரும்பிப் போயிடறேன். இவளும் உங்களை ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சொல்லமாட்டேன்," என்றாள் மனைவி. சத்தியமாகத்தான் சொன்னாள்.

கதவு திறந்தே கிடந்தது. ஒரே ஒரு வார்த்தை. அலாரம் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். மாமியாரின் முகத்தைப் பார்த்தார். மாமியாரும் அவர் முகத்தைப் பார்த்தார்.

"மு..."

"ம், சொல்லுங்க. மு?"

"மு... முதல்ல நான் கீழ போய் உங்க பெட்டியைத் தூக்கிட்டு வந்துடறேன் அத்தை."